எழுந்து நிற்கும் பலம்

(சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டுக் குடும்ப தினக் கூட்டத்தில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



முதியோர் உடல்நலம் பற்றி இளைஞர் பிரிவிலிருந்து யாராவது பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது நாங்கள் தயங்கினோம். நாங்கள் மருத்துவர்கள் இல்லை. அரிசியும் பருப்பும் மசாலாவும் வாங்கி விற்கிறவர்கள். படிப்பு, பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளோமாவோடு முடிந்தது. இந்த அவையில் டாக்டர்களும் தாதியர்களும் இருக்கிறார்கள். நாங்கள் தவறாக ஏதும் சொன்னால் அவர்கள் திருத்த வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

இருந்தும் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று. அதைச் சொல்லி ஆரம்பிக்கிறோம்.

எங்கள் வாப்பா 74 வயது வரை கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள். காலையில் கடையைத் திறப்பது அவர்கள்தான். ஐந்து கிலோ அரிசிப் பைகளை அலமாரியில் அடுக்குவார்கள். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். ஒரு முறை நுரையீரலில் கிருமித் தொற்று வந்து பத்து நாள் மருத்துவமனையில் படுத்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், நோய் குணமானது. மருத்துவர்கள் செய்ய வேண்டியதைச் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததற்குப் பிள்ளைகளாகிய நாங்கள்தான் பொறுப்பு. வாப்பாவை ராஜா மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணன் தம்பி எல்லோரும் முடிவு செய்தோம். நல்ல சாய்வு நாற்காலி ஒன்று வாங்கினோம். தண்ணீர் கைக்கு வந்தது. சாப்பாட்டுத் தட்டு மடிக்கு வந்தது. செருப்பைக்கூட நாங்களே மாட்டிவிட்டோம். கடைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, "போதும் வாப்பா, இத்தனை வருஷம் உழைச்சிட்டீங்க, இனிமே உட்காருங்க" என்றோம். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எங்களைப் பாராட்டினார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் பள்ளிவாசலில் இஷா தொழுகை. இரண்டாவது சுஜூது முடிந்து ஜமாஅத் முழுவதும் எழுந்து நின்றது. வாப்பாவால் எழ முடியவில்லை. தரையில் கையூன்றி இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து தொழுது முடித்தார்கள். வெளியே வந்தபோது, "கால் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது தம்பி" என்று மட்டும் சொன்னார்கள். மறுநாளிலிருந்து நாற்காலித் தொழுகைதான். ஒன்றரை ஆண்டு கழித்துக் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பிறகு எழவே இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அஜல் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாங்கள் கட்டினோமா என்பதுதான் எங்கள் கேள்வி.

வாப்பா மவுத்தான பிறகு உம்மாவுக்கு மூட்டு வலி வந்தது. பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண், பேச்சோடு பேச்சாக "சார்கோபீனியா" என்று ஒரு வார்த்தை சொன்னார். வயதாக ஆகத் தசை கரைந்து பலம் குறைவதற்கு அதுதான் பெயராம். அதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் வில்லியம் எவன்ஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றித் தெரிந்துகொண்டோம். அவர் உடற்பயிற்சி உடலியலாளர். உழைக்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது, உழைப்பை நிறுத்தினால் என்ன நடக்கிறது என்று ஆராய்வது அவருடைய துறை. முதியவர்களின் தசையையும் எலும்பையும் ஆராய்வதிலேயே அவர் பல பத்தாண்டுகளைச் செலவிட்டிருக்கிறார். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டறிந்ததை எங்களுக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம்.

1980களில் எவன்ஸ் பாஸ்டன் நகரில், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் முதுமைக்கான ஊட்டச்சத்து ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தார். வயதானவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் நரம்பு கொஞ்சம் பழகிப் பலம் கூடலாம், ஆனால் தசை வளராது என்ற கருத்து அன்று பரவலாக இருந்தது. அதற்கு முன் நடந்த ஆய்வுகள் பலவற்றில் முதியவர்கள் பாவம் என்று மிகக் குறைந்த எடையைத்தான் கொடுத்திருந்தார்கள். வால்ட்டர் ஃபுரொன்டெரா என்ற மருத்துவரும் எவன்ஸும் சேர்ந்து வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். 60 முதல் 72 வயது வரையுள்ள 12 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் ஒரே ஒரு தடவை மட்டும் தூக்கக்கூடிய அதிகபட்ச எடை எவ்வளவு என்று அளந்து, அதில் 80 விழுக்காட்டைக் கொடுத்தார்கள். பத்துக் கிலோ தூக்கக்கூடியவருக்கு எட்டுக் கிலோ. எட்டுத் தடவை தூக்க வேண்டும், அதை மூன்று சுற்றுச் செய்ய வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், பன்னிரண்டு வாரம். பலம் கூடக்கூட எடையையும் கூட்டினார்கள்.

1988இல் முடிவு வெளிவந்தது. முழங்காலை நீட்டும் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தொடைத் தசையின் அளவே 11 விழுக்காடு பெருத்திருந்தது. அறுபது வயதைத் தாண்டிய தசையும் வளரும் என்பது அங்கே உறுதியானது.

அடுத்து வந்ததுதான் எங்களை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. மரியா ஃபியாட்டரோன் என்ற பெண் மருத்துவர், எவன்ஸுடன் சேர்ந்து, பாஸ்டனில் இருக்கும் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்துக்குப் போனார். அங்கே தளர்ந்துபோயிருந்த பத்துப் பேருக்கு இதே பயிற்சியைக் கொடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 90. மூத்தவருக்கு 96. எட்டு வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசை 9 விழுக்காடு வளர்ந்தது. கைத்தடியோடு நடந்தவர்களில் இரண்டு பேர் தடியை விட்டுவிட்டார்கள். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் இருந்த மூவரில் ஒருவர் தானாக எழுந்தார். 1990இல் இது வெளிவந்தது.

அதே ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. பயிற்சியை நிறுத்தி நான்கு வாரம் ஆனதும், பலத்தில் 32 விழுக்காடு போய்விட்டது. தொண்ணூறு வயதிலும் பலம் வரும், விட்டால் போய்விடும். இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்துப் பேரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று வியாபாரிகளாகிய நமக்கே தெரியும். ஒரு மூட்டையில் கை விட்டுப் பார்த்து முழுச் சரக்கையும் வாங்க மாட்டோம். அவர்களும் அங்கே நிற்கவில்லை. அதே நிலையத்தில் 100 பேரை வைத்து மீண்டும் செய்தார்கள். சராசரி வயது 87. சிலருக்குப் பயிற்சி மட்டும், சிலருக்குச் சத்துப் பானம் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம் கழித்து, பயிற்சி செய்தவர்களின் பலம் 113 விழுக்காடு கூடியிருந்தது. நடை வேகமும் படியேறும் திறனும் கூடியிருந்தன. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. இது 1994இல் வெளிவந்தது.

இதைப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் எங்கள் கடையில் வாங்கிப் போவதே சத்துப் பான டின்தான். வாப்பாவுக்கு நாங்களும் காலையும் மாலையும் கலக்கிக் கொடுத்தோம். குடித்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். டின் விற்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கொத்தனார் இல்லாத வீட்டுக்குச் செங்கல் இறக்கின கதைதான் அது என்கிறோம்.

இப்போது எலும்புக்கு வருவோம். இதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது. வலி இருக்காது, அறிகுறி இருக்காது. முறியும்போதுதான் தெரியும். எலும்பு என்பது காய்ந்த கட்டை இல்லை, உயிருள்ள பொருள். அதற்குள் இருக்கும் அணுக்கள் தன் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை உணர்கின்றன. பாரம் விழுந்தால் அந்த இடத்தைப் பலப்படுத்தும். பாரமே இல்லையென்றால் இது தேவையில்லை என்று உடம்பு அதைக் கரைத்துவிடும். எலும்பை இழுத்துப் பாரம் கொடுப்பது தசை. தசை மெலிந்தால் எலும்பும் மெலிகிறது.

எவன்ஸின் குழுவில் இருந்த மிரியம் நெல்சன் என்ற பெண் ஆய்வாளர், 50 முதல் 70 வயது வரையுள்ள சுமார் 40 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழு வாரத்துக்கு இரண்டே நாள் எடைப் பயிற்சி செய்தது. மற்றக் குழு எப்போதும் போல் இருந்தது. ஓராண்டு கழித்து அளந்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு இடுப்பு எலும்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி ஏறத்தாழ 1 விழுக்காடு கூடியிருந்தது. சும்மா இருந்தவர்களுக்கு இடுப்பில் 2.5 விழுக்காடும் முதுகில் 1.8 விழுக்காடும் குறைந்திருந்தது. ஒரு விழுக்காடு என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். வருஷா வருஷம் முதலில் நட்டம் வரும் கடையில், நட்டம் நின்று கொஞ்சம் லாபமும் வந்தால் அது சின்ன விஷயமா? அதோடு, அந்தப் பெண்களுக்குத் தசையும் பலமும் உடல் சமநிலையும் சேர்ந்தே கூடின. எலும்பு கெட்டியாவது ஒரு பாதுகாப்பு. விழாமலே இருப்பது அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

எவன்ஸ் வேலை பார்த்த அந்த நிலையத்துக்குத் தலைமை வகித்தவர் இர்வின் ரோஸன்பர்க் என்ற மருத்துவர். அவர்தான் 1980களின் கடைசியில் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் தசைப் பஞ்சம் என்று பொருள். இருவரும் சேர்ந்து 1991இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். முதுமையைக் காட்டும் அளவுகோல்களில் நம் கையில் இருப்பவை பத்து என்று வரிசைப்படுத்தினார்கள். அதில் முதல் இரண்டு தசையும் பலமும்தான். எலும்பு அடர்த்தி, ரத்த அழுத்தம், சர்க்கரையைக் கையாளும் திறன் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. அமெரிக்காவில் சார்கோபீனியாவுக்கு நோய்ப் பட்டியலில் தனி எண் கிடைத்தது 2016இல்தான். பெயர் வைத்து ஒரு தலைமுறைக்குப் பிறகு.

எங்கள் வாப்பாவைப் பற்றி எழுதியது போலவே இன்னோர் ஆய்வு இருக்கிறது. எவன்ஸ் பிற்பாடு ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது நடந்தது, 2007இல் வெளிவந்தது. நோய் நொடி இல்லாத, சராசரி 67 வதுடைய பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். சாப்பாடு சரியாகக் கொடுத்தார்கள். பத்து நாள் முடிவில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை போயிருந்தது. தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகம் 30 விழுக்காடு குறைந்திருந்தது. இவர்கள் காய்ச்சல்கூட இல்லாதவர்கள். காய்ச்சலோடும் பசியின்மையோடும் படுத்திருக்கும் 74 வயதுக்காரருக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அப்படி இழந்து வந்த மனிதரைத்தான் நாங்கள் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தோம். இழந்ததைத் திரும்பச் சேர்க்க வேண்டிய மூன்று மாதத்தையும் மரியாதையிலேயே கழித்துவிட்டோம்.

எவன்ஸ் பிறகு ஒரு மருந்து நிறுவனத்திலும், அதன் பின் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலும் வேலை செய்தார். அங்கே தசையைச் சரியாக அளக்கும் முறை ஒன்றில் கவனம் செலுத்தினார். ஒரு சிறு மாத்திரையைக் கொடுத்து, பிறகு சிறுநீரைச் சோதித்தால் உடம்பில் எவ்வளவு தசை இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சுமார் 1,400 முதிய ஆண்களிடம் இப்படி அளந்தபோது, தசை குறைந்தவர்கள்தான் நடக்கவும் படியேறவும் அதிகம் சிரமப்படுகிறார்கள் என்று தெரிந்தது. வழக்கமான ஸ்கேன் கணக்கில் இந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

நமக்கு அந்த மாத்திரை தேவையில்லை. நாற்காலி ஒன்று போதும். சார்கோபீனியாவுக்கான ஆசிய நிபுணர் குழு 2019இல் ஆசியர்களுக்கென்று சில அளவுகளைச் சொல்லியிருக்கிறது. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுவதும் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். பேரப்பிள்ளை கைப்பேசியில் நேரம் பார்க்கட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் அது ஓர் எச்சரிக்கை. தையல் டேப்பை எடுத்துக் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 33க்கும் குறைவாக இருந்தால் அதுவும் எச்சரிக்கை. இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டுங்கள்.

பெரியோர்களே, நாம் ஒரு நாளில் ஃபர்ளு தொழுகை மட்டும் 17 ரக்அத் தொழுகிறோம். 17 முறை நின்ற நிலையிலிருந்து தரைக்குப் போகிறோம். தொழுகை இபாதத், அதை உடற்பயிற்சி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அப்படித் தொழுவதற்குக் கால் வேண்டும். முடியாதவர்களுக்கு நாற்காலி மார்க்கம் தந்த சலுகை. நாற்காலியில் தொழுகிறவர்கள் யாரும் இதைக் கேட்டு மனம் வருந்தக் கூடாது. நாங்கள் பேசுவது பிள்ளைகளிடம். பள்ளிவாசலில் நாற்காலி வரிசை வருஷா வருஷம் நீளுவதை நாமெல்லாம் பார்க்கிறோம். அதில் எத்தனை பேரை நோய் உட்கார வைத்தது, எத்தனை பேரை நாம் உட்கார வைத்தோம்?

உம்ராவையும் நினைத்துப் பாருங்கள். ஸஃபா, மர்வா இடையே ஏழு ஓட்டம் என்றால் மூன்று கிலோமீட்டருக்கும் சற்று மேல். தவாஃப் தனி. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, கடனை அடைத்துவிட்டு, அறுபது வயதுக்கு மேல்தான் நம்மில் பலர் கிளம்புகிறோம். பணம் சேர்ப்பதற்கு இருபது வருஷம் திட்டம் போடுகிறோம். காலுக்கு ஒரு திட்டமும் போடுவதில்லை.

என்ன செய்யலாம்? எங்கள் வீட்டில் உம்மாவுக்கு இப்போது நடப்பதைச் சொல்கிறோம். உம்மாவுக்கு 71 வயது. முதலில் மருத்துவரிடம் காட்டி அனுமதி வாங்கினோம். இது முக்கியம். நெஞ்சு வலி உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள் தாங்களாக ஆரம்பிக்கக் கூடாது. பிறகு பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி வாரத்துக்கு இரண்டு நாள். நாற்காலியிலிருந்து எட்டு முறை எழுந்து உட்கார வேண்டும், மூன்று சுற்று. மூச்சை அடக்கக் கூடாது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். முதல் மாதம் வெறும் உடம்போடு. அது எளிதானதும் ஒரு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழச் சொன்னோம். பிறகு இரண்டு கிலோ. இப்போது ஐந்து கிலோ. எடை ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பதுதான் எவன்ஸின் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் வருகிற பாடம். ஒரே எடையை ஒரு வருஷம் தூக்கினால் உடம்பு பழகிவிடும், அதற்கு மேல் வளராது. நடப்பது இதயத்துக்கு நல்லது, அதை விட வேண்டாம். ஆனால் நடை மட்டும் தசைக்கும் எலும்புக்கும் போதாது.

சாப்பாட்டையும் பார்த்தோம். வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். உம்மாவின் ராத்திரிச் சாப்பாடு தேநீரும் பிஸ்கட்டும்தான். முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம். மீனோ கோழியோ நூறு கிராமில் இருபதுக்கு மேல். இப்போது காலையில் முட்டை, மதியம் மீன், ராத்திரி பருப்போ தயிரோ இல்லாமல் நாங்கள் விடுவதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

ஆரம்பத்தில் சண்டைதான். மருமகள் உம்மா கையில் சந்தைப் பையைக் கொடுத்தபோது பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "வயசானவங்களையா தூக்க வைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. உம்மாதான், "நான் கேட்டுத்தான் வாங்கினேன்" என்று வாயை அடைத்தார்கள். நாற்காலிச் சோதனையில் முதல் நாள் 17 வினாடி எடுத்த உம்மா, ஏழு மாதத்தில் 11 வினாடிக்கு வந்திருக்கிறார்கள். போன ரமலானில் தராவீஹ் எட்டு ரக்அத் நின்று தொழுதார்கள். வாப்பாவுக்கு இதைச் செய்யத் தெரியாமல் போனதே என்ற வருத்தம் அன்று எங்களுக்கு வந்தது. இன்னும் இருக்கிறது.

இந்த விஷயம் எங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதா? 2030ஆம் ஆண்டு சிங்கப்பூரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்று அரசாங்கம் சொல்கிறது. நம் சங்கம் ஆரம்பித்தபோது 25 வயதாக இருந்தவர்களுக்கு இன்று 75. மூட்டை சுமந்து, கடையில் படுத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, அதில் மிச்சம் பிடித்து இந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது நல்லதுதான். ஆனால் பொன்னாடையை உட்கார்ந்த இடத்தில் வாங்காமல் மேடைக்குத் தாங்களே ஏறி வந்து வாங்கும் பலம் அவர்களுக்கு இருக்க வேண்டும்.

ஆகவே இளைஞர் பிரிவு சார்பில் செயலவைக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறோம். ஒன்று, வாரத்தில் இரண்டு நாள் காலையில் இந்த மண்டபத்தை முதியவர்களின் பலப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும். தகுதி பெற்ற பயிற்சியாளர் ஒருவரை வைக்க வேண்டும். பக்கத்திலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தோடு பேசினால் வழி பிறக்கும். முதல் ஆண்டுச் செலவில் ஒரு பங்கை நாங்கள் சில கடைக்காரர்கள் ஏற்றுக்கொள்கிறோம். இரண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாற்காலிச் சோதனை வைத்து, விரும்புகிறவர்களின் அளவை ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். கணக்கு எழுதாத கடை தேறாது. மூன்று, உறுப்பினர் யாராவது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினால், பழக்கூடையோடு போகும் நம் குழு அவர்களை அறைக்குள்ளேயாவது நடக்க வைத்துவிட்டு வரட்டும். மருத்துவர் அனுமதித்தால், முதல் வாரமே பயிற்சிக்கு ஏற்பாடு செய்யட்டும்.

எங்களைப் போன்ற முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தசை குறைய ஆரம்பிப்பது எழுபதில் இல்லை. நாற்பதைத் தாண்டியதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. கல்லாவில் உட்கார்ந்தே பன்னிரண்டு மணி நேரத்தை ஓட்டுகிற நாமும் புளோக் கீழே இருக்கும் உடற்பயிற்சி மூலையை எட்டிப் பார்ப்பதில்லை. பெற்றோரோடு சேர்ந்து நாமும் இறங்கினால் அவர்களுக்கும் துணை, நமக்கும் நல்லது.

பெற்றோருக்குக் கித்மத் செய்வது நம் கடமை. அதில் மாற்றமில்லை. அவர்கள் செய்யக்கூடியதை நாம் பிடுங்கிச் செய்வதுதான் கித்மத் என்று எங்களைப் போல் யாரும் தவறாக எண்ணிவிட வேண்டாம். அவர்கள் எழும்போது கையைப் பிடித்துத் தூக்குவதற்கு முன் ஒரு நிமிஷம் பொறுங்கள். தானாக எழ முடிகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முடிந்தால் விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

குழந்தைப் பலவீனத்திலிருந்து பலம், பலத்துக்குப் பிறகு மீண்டும் பலவீனமும் நரையும் என்று அல்லாஹ் ரூம் அத்தியாயத்தில் நமக்கு உணர்த்துகிறான். அந்தப் பலவீனம் எல்லோருக்கும் வரும். தள்ளாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்த துஆவைக் கேட்போம், கேட்ட கையோடு பெரியவர்களையும் எழுப்பி நிறுத்துவோம்.

எங்கள் வாப்பாவுக்கும், இந்தச் சங்கத்துக்காக உழைத்து மறைந்த அனைவருக்கும் அல்லாஹ் மஃபிரத்தும் ஜன்னத்துல் ஃபிர்தவ்ஸும் அருள்வானாக. நம்மோடு இருக்கும் பெரியவர்களுக்கு நீண்ட ஆயுளையும், கடைசித் தொழுகை வரை நின்று தொழும் பலத்தையும் தருவானாக. ஆமீன்.